கதவு திறந்தால் புன்னகை

அன்று லிஃப்டுக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மனைவி, ஐந்தாம் மாடிப் பல் டாக்டர், ஊசி போட்டதால் பாதி முகம் மரத்துப்போயிருந்த அவருடைய நோயாளி ஒருவர். லிஃப்டுக்கு மேலே, மொட்டை மாடியிலுள்ள இயந்திர அறையில் இரண்டு பேர்: என் தங்கையும் லிஃப்ட் மெக்கானிக்கும். இந்த எட்டுப் பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. முதல் மாடி வக்கீல் தானும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இல்லை. அது ஆறு பேருக்கான லிஃப்ட். வக்கீலின் உடம்புக்கு அவர் ஏறியிருந்தால் அது கிளம்பியே இருக்காது. வேலையில் இருந்த காலமெல்லாம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். எடை விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

இந்தக் கட்டடத்தில் அன்று நடந்ததைப் பற்றி மாடிக்கு ஒரு கதை உலவுகிறது. குடும்பத்தின் பெயர் அடிபடுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது நான்காம் மாடியில். என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஒரு பொழுது முழுக்க வாதாடுவாள், ஓர் ஊசியும் கீழே விழாது. தம்பிக்குப் பூட்டு சாவிக் கடை. தம்பி மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தால் மைக் இல்லாமல் அதே தொலைவுக்குப் பேசுவாள். எனக்கும் தம்பிக்கும் இளையவள் தங்கை. எழுத்தாளர். அவள் புத்தகங்களைப் படிப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் முதுகு வளையாத பெரியண்ணன் ஒருவர் வருவார். அவரைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் சண்டை உண்டு. மறைக்கவில்லை. ஆனால் என் அப்பா காலத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது. சண்டை வாசற்படியைத் தாண்டக்கூடாது. சத்தம் தாண்டியிருக்கலாம். சண்டை ஒருநாளும் தாண்டியதில்லை.

சண்டைகளுக்குள் மூத்தது குடைச் சண்டை. நான் வேலையில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த குடை அது. கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி, பிடியின் கழுத்தில் ஒரு வெள்ளிப் பூண். தம்பிக்குக் கல்யாணம் ஆன புதிதில், ஒரு மழைநாளில், மாட்டியிருந்த கொக்கியிலிருந்து அது காணாமல் போனது. தம்பி எடுத்துப்போய்த் தொலைத்தான் என்பது என் கட்சி. நானே அலுவலகத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்பது தம்பியின் கட்சி. வந்த புதிதிலேயே தன் புருஷன்மேல் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டார்கள் என்பது தம்பி மனைவியின் கட்சி. என் மனைவி அன்றைக்கு யார்மேல் கோபமோ அவருக்கு எதிர்க் கட்சி. அன்றிலிருந்து மழை பெய்தால் சண்டை. பெய்யாவிட்டால், பெய்திருந்தால் குடைக்கு என்ன செய்வது என்று சண்டை.

தங்கை மட்டும் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பாள். இந்த வீட்டில் நாகரிகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் அவளுக்கு எழுத்து நின்றுபோனது. நாவல் முக்கால்வாசிக்குமேல் முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். சாப்பாட்டைக் கிளறிவிட்டு அப்படியே வைப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. தூக்கத்தில் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. பதிப்பாளர் போன் செய்தார். மாதக் கடைசிக்குள் அத்தியாயம் வராவிட்டால் அவளுக்காக ஒதுக்கிய அச்சில் கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம் ஏறும் என்றார்.

"போனா போகட்டும்ணா," என்றாள் தங்கை. "இனிமே எனக்கு எழுத வராதுன்னு நெனைக்கிறேன்."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கோழிகூட அப்புறம்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அப்படிப் பேசியதில்லை.

டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தோம். கட்டடத்தில் இருக்கும் டாக்டர் பல் டாக்டர்தான். டாக்டர் டாக்டர்தானே என்று ஐந்தாம் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"இது எழுத்து சம்பந்தப்பட்ட பிரச்சினை டாக்டர்," என்றேன்.

"வாயத் திறங்க," என்றார் அவளிடம். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. மனசு ரொம்பக் களைச்சுப் போயிருக்கு சார். கற்பனைங்கறது பூனைக்குட்டி மாதிரி. சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். வீட்டுல பரிபூரண அமைதி வேணும். ஒரு குண்டூசி விழற சத்தம்கூட ஆகாது. முக்கியமா காலைல பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும், சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும்."

இத்தனை துல்லியமாக மருந்து சொல்லும் டாக்டரை நான் பார்த்ததில்லை. கைகொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றே வீட்டில் சட்டம் போட்டேன். செருப்பு கிடையாது. ரேடியோ கிடையாது. வாசல் மணியின் ஒயரைத் தம்பி பிடுங்கிவிட்டான். என் மனைவி தையல் மிஷினுக்கு அடியில் மடித்த போர்வையைப் போட்டாள். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டதில், எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம். முட்டிக்கொண்டவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தம்பி மனைவிக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. அவள் கிசுகிசுத்தால் ஒரு மேடைக்குப் பதில் அரை மேடைக்குக் கேட்கும். அதனால் அவளைச் சைகையில் பேசச் சொன்னோம். பேருந்து நிலையத்துக்காரி அல்லவா, கையை நீட்டி மடக்கி அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குள் ஒரு வண்டியையே பின்னால் எடுத்து நிறுத்திவிடலாம்.

தங்கைக்குப் பால்கனி ஓர அறையை ஒழித்துக் கொடுத்தோம். புது நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு செடி. அவளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால், யாரும் தொந்தரவு செய்யவில்லையே என்று முறைவைத்துக் கதவைத் திறந்து பார்த்தோம்.

என் மனைவி ஒரு தரம் தலையை நீட்டி, "வந்துச்சா?" என்றாள்.

"யாரு அண்ணி?"

"அதான். கற்பன."

"இல்ல அண்ணி."

"பரவால்ல, நிதானமா வரட்டும். நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். முதுகை நிமிர்த்தி, கையைத் தொடைமேல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணா."

"என்னம்மா?"

"நீங்க மூச்சு விடறது கேக்குது."

"சரிம்மா. கொறச்சுக்கறேன்."

கொஞ்ச நேரம் ஆயிற்று. "அண்ணா."

"என்ன?"

"இப்ப கேக்கல. அது இன்னும் பயமா இருக்கு."

இப்படியே ஒரு வாரம் போயிற்று. ஒரு வரியும் வரவில்லை. இன்னொரு சங்கடமும் முளைத்தது. பேசாமல் இருந்தால் சண்டை தீர்ந்துவிடாது. அது அலமாரிக்குள் ஈரத்துணியைப் போட்டுப் பூட்டிய மாதிரி. தம்பி என் துண்டை எடுத்துக்கொண்டு போனான். பார்த்தேன், பேச முடியவில்லை. என் மனைவி தம்பி மனைவியின் ஜாக்கெட்டில் கையைத் தவறாக வைத்துத் தைத்தாள். தம்பி மனைவி பார்த்தாள், பேச முடியவில்லை. நான்கு பேரும் முகம் சிவந்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, விரல் நுனியில் நடமாடினோம்.

ஒருநாள் கடைக்குப் போக நாங்கள் நால்வரும் சேர்ந்து லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியது. அவ்வளவுதான்.

"என் துண்ட எதுக்குடா எடுத்த?" என்றேன்.

"அது என் துண்டுண்ணா! உங்க துண்டு அண்ணி மிஷினுக்கு அடியில கெடக்கு!"

"பொய் சொல்லாதீங்க தம்பி, அங்க கெடக்கறது போர்வ!"

"அக்கா, நீங்க பேசாதீங்க, எனக்கு ரெண்டு கையும் இடது கையா தச்சு வச்சிருக்கீங்க!"

கீழ்த்தளம் வந்தது. கதவு திறந்தது. நால்வரும் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்துப் புன்னகைத்தோம். உடம்பு இறகு மாதிரி ஆகியிருந்தது. தம்பி மெல்ல என்னைப் பார்த்தான். நான் நான்காம் மாடிப் பொத்தானை அமுக்கினேன்.

லிஃப்ட் எங்களுக்கு அன்று முதல் ஏற்பாடாகிவிட்டது. அதற்கு நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது, கதவும் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது எங்கள் வீட்டின் ஓர் அறை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே அப்பாவின் விதி மீறப்படவில்லை. விதிக்கு நான் ஒரு கிளை விதி சேர்த்தேன். கதவு மூடினால் சண்டை, கதவு திறந்தால் புன்னகை. யாராவது ஏறினால் தம்பி மனைவி உடனே குரலை மாற்றி, "இன்று வானம் தெளிவாகக் காணப்படுகிறது," என்று அறிவிப்பாள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நாலு பேர் காரணமில்லாமல் மேலும் கீழும் போய்வருவதையும், வேர்த்து விறுவிறுத்துச் சிரித்துக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்து, எங்கள் குடும்பம் பாகம் பிரிகிறது என்று கிளப்பிவிட்டார்கள். வக்கீல் மாடிப்படியில் என்னை நிறுத்தித் தன் அட்டையைக் கையில் திணித்தார். "சொத்து விஷயம்னா வெக்கப்படாதீங்க சார். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுத் தரேன்."

"எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல," என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க," என்றார்.

குடும்ப மானத்தை நினைத்து எனக்கு அன்றுதான் முதல்முறையாகத் தூக்கம் கெட்டது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். காரணம், தங்கை தேறிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போவாள். திரும்பி வரும்போது கன்னத்தில் ரத்தம் ஓடும், தட்டில் சோறு மிஞ்சாது, பல் கடிப்பதும் குறைந்துவிட்டது. அறையில் உட்கார்ந்து எழுதவில்லை என்றாலும் அவள் விரலில் புது மை இருந்தது. பார்த்தாயா, அமைதியின் மகிமை, என்று தம்பியிடம் சைகையில் சொன்னேன்.

அவள் எங்கே நடந்தாள் என்பதை மெக்கானிக் பிற்பாடு சொன்னார். வீட்டின் அமைதி தாங்காமல் அவள் மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். எங்கள் போக்குவரத்தில் லிஃப்டுக்கு அடிக்கடி நோவு வந்ததால் மெக்கானிக் அநேகமாக தினமும் இயந்திர அறையில்தான் இருந்தார். அந்த அறையின் தரையில், இரும்புக் கயிறுகள் இறங்குவதற்கு ஓட்டைகள் இருக்கும். கீழே லிஃப்டில் பேசுவது அந்த ஓட்டைகள் வழியாகப் புனல் வைத்த மாதிரி மேலே வரும். தங்கை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். மெக்கானிக் அவள் புத்தகங்களைப் படிக்கிறவர். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துணியால் துடைத்து, "உக்காருங்க அக்கா," என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேரும் எங்களைத் தொடர்கதை மாதிரி கேட்டிருக்கிறார்கள். "இன்னிக்கு உங்க அண்ணி கொஞ்சம் டல்லுக்கா," என்று விமர்சனம் வேறு.

இனி அந்த நாள். பதிப்பாளர் கொடுத்த கெடுவில் கடைசி நாள் அதுதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் குடை. சாயங்காலம், தங்கை நடக்கப் போனபின், நாங்கள் நால்வரும் ஒன்றும் பேசாமல் வரிசையாக லிஃப்டுக்குப் போனோம்.

"இந்த மழைக்கு நம்ம அப்பாவோட குட இருந்திருந்தா," என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆபீஸ்ல போய்த் தேடுங்க, இருக்கும்," என்றான் தம்பி.

"வந்த வாரத்துலயே என் புருஷன் திருடன்னு பேர் வாங்கினாரு! எங்க வீட்டுல எனக்கு எப்படி இருந்திருக்கும் மாமா?"

"யாரும்மா திருடன்னு சொன்னது? தொலச்சான்னுதான் சொன்னேன்!"

"ஏங்க, நீங்க அப்ப திருடன்னுதான் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றாள் என் மனைவி. அன்றைக்கு அவளுக்கு என்மேல் கோபம். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. பல் டாக்டர் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்த ஆள், லிஃப்ட் பக்கமிருந்து வந்த கூச்சலைக் கேட்டு, உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று மாடிப்படி வழியாக ஓடிவிட்டாராம். டாக்டர் அவரைத் தெருவாசலில் மடக்கிக் கூட்டிவந்தார்.

கிளை விதிப்படி நாங்கள் புன்னகைத்தோம். தம்பி மனைவி, "இன்று வானம்," என்று தொடங்கி, மழையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். லிஃப்ட் மேலே போனது. குடைச் சண்டையோ பாதியில் நிற்கிறது. மூன்றாம் மாடி தாண்டியதும் என் மனைவியால் முடியவில்லை.

"அந்தக் குட வாங்கின அன்னிக்கு," என்றாள்.

அந்த நொடியில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, லிஃப்ட் மட்டும் நகரவில்லை. எல்லோரும் எல்லாப் பொத்தானையும் அமுக்கினோம்.

பல் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாம் உங்களாலதான் சார்! வீட்டுல கத்தினீங்க, பேஷண்ட் எல்லாம் ஓடினாங்க. சரி, அமைதியா இருங்கன்னு மருந்து மாதிரி எழுதிக் குடுக்காத கொறையா சொன்னேன். இப்ப லிஃப்டுக்கு வந்துட்டீங்க! வர்ற பேஷண்ட் உங்களத் தாண்டித்தானே வரணும்?"

எனக்குப் பொறி தட்டியது. காலை பத்திலிருந்து ஒன்று, மாலை ஐந்திலிருந்து எட்டு. அவர் வாசல் பலகையில் எழுதியிருக்கும் நேரம்.

"அப்ப என் தங்கச்சிக்காகச் சொன்ன வைத்தியம் இல்லையா அது?"

"அவங்க பல்லுக்கு அது நல்லதுதான்," என்றார் டாக்டர், கூரையைப் பார்த்து.

"பூனைக்குட்டின்னீங்களே!"

"அது ஒரு உவமை சார்!"

பிறகு நான்கு பேரும் டாக்டரைப் பிடித்துக்கொண்டோம். குடும்பம் ஒன்று சேர்ந்து ஒரே பக்கம் நின்று பேசியது வெகு காலத்துக்குப் பிறகு அன்றுதான். நோயாளியும் கையை ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். பாதி வாய் மரத்திருந்ததால் ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் மனைவியின் பக்கம்தான் என்று தெளிவாகத் தெரிந்தது.

அப்போது தலைக்கு மேலேயிருந்து குரல் வந்தது.

"அய்யோ, டாக்டர விடுங்க! அண்ணி, 'குட வாங்கின அன்னிக்கு'ன்னு ஆரம்பிச்சீங்களே, அத முடிங்க!"

ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தோம். விசிறிதான் தெரிந்தது.

"யாரது?" என்றேன். யார் என்று எனக்குத் தெரியும்.

"நான்தாண்ணா."

மெக்கானிக்கின் குரலும் வந்தது. "ஐயா, பயப்படாதீங்க. ரிப்பேர் இல்ல. நான்தான் நிறுத்தினேன். நாலாவது மாடி வந்துட்டா நீங்க எறங்கிடுவீங்க, சண்ட பாதியில நின்னுடும்னு அக்கா பதறினாங்க."

"நம்ம வீட்டு விஷயத்த ஒட்டுக் கேட்டுக்கிட்டு, லிஃப்டயும் நிறுத்தறதா? கீழ எறங்கி வா!"

"வரேண்ணா. ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி." குரல் கொஞ்சம் இறங்கியது. "அண்ணா, கோச்சுக்காதீங்க. எனக்காகத்தான் எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டீங்கன்னு தெரியும். ஆனா எல்லாரும் அமைதியா இருக்கற வீட்டுல நான் யாரப் பத்தி எழுதுவேன்? என் புத்தகம் எல்லாமே அந்தச் சாப்பாட்டு மேசையில நீங்க போட்ட சண்டதான். சத்தம் நின்னதும் எனக்குக் காது போன மாதிரி ஆயிடுச்சு. இங்க வந்து உக்காந்தப்பறம்தான் மூச்சே வந்துச்சு."

தம்பி மெதுவாக, "அப்ப நாம வெரல் நுனியில நடந்ததெல்லாம் வீணா?" என்றான்.

"வீண் இல்ல சின்னண்ணா, அதயும் எழுதிட்டேன்."

"அப்பறம் என்ன, கடைசி அத்தியாயத்தயும் எழுதிட்டு எறங்கி வாயேன்," என்றாள் என் மனைவி.

"அதான் அண்ணி முடியல. எழுத்து நின்னதே அங்கதான். கதையில ஒரு பொருள் தொலஞ்சு போகுது. யாரு தொலச்சாங்கன்னு கடைசியில சொல்லணும். பேனாவத் தொட்டாலே பல்லு தானா கடிக்குது."

"கததானே? யாரயாவது சொல்லிட்டுப் போ!" என்றேன்.

மேலே பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அந்தக் குடையத் தொலச்சது நான்தான்."

அந்த லிஃப்டில் அன்று நிலவியதுதான் பரிபூரண அமைதி. டாக்டர் கேட்ட மருந்து அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். "மழைன்னு எடுத்துட்டுப் போனேன். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து ஒரு கத யோசிச்சேன். எறங்கும்போது கதய எடுத்துக்கிட்டேன், குடைய விட்டுட்டேன். சொல்லிடணும்னுதான் நனஞ்சுக்கிட்டே ஓடி வந்தேன். வீட்டுக்குள்ள வந்தா நீங்க எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தீங்க. அண்ணி ஊசியோட, சின்னண்ணா துண்டோட, புது அண்ணி கண்ணு நெறைய தண்ணியோட. ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னிக்கு ஒருநாள் கேட்டுட்டு நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். ராத்திரியே அத எழுதிட்டேன். அதுதான் என் மொதல் கத."

"அப்பறம் நாளைக்கு ஏன் சொல்லல?" என்றான் தம்பி.

"நாளைக்கும் நல்லா இருந்துச்சு சின்னண்ணா."

என் தம்பியை நான் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். இத்தனை காலம் நானும் அவனும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறையாக வாதாடியதெல்லாம், ஓரத்தில் உட்கார்ந்து தலை நிமிராமல் இருந்த அந்த நாகரிகக்காரிக்காக. பிறகு நான்கு பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தோம். தம்பி மனைவியின் குரல் மட்டும் தனியாக மேலே போனது. திருட்டுப் பட்டத்தை யார் துடைப்பது என்று அவள் கேட்டது மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். என் மனைவி, வாழ்க்கையில் முதல்முறையாக, வாயிலிருந்த குண்டூசியைத் தவறவிட்டாள். தம்பி சிரிக்கத் தொடங்கிவிட்டான். அவனை அதட்டப் போய் எனக்கும் சரியாக அதட்ட வரவில்லை.

நோயாளி அழுதார். பொலபொலவென்று கண்ணீர் விட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க," என்று மேலேயிருந்து குரல். பேனா தாளில் ஓடும் சத்தம்கூட ஓட்டை வழியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "போதும் தம்பி, லிஃப்ட ஓட விடுங்க," என்று மெக்கானிக்கிடம் சொன்னாள்.

நான்காம் மாடியில் கதவு திறந்தது. தங்கை மாடிப்படியில் இறங்கி வந்து எதிரே நின்றாள். முழங்கை வரை மசகு, கையில் தாள்கள், முகத்தில் பழைய களை. அவளுக்குப் பின்னால், சத்தம் கேட்டு, பாதிக் கட்டடம் கூடியிருந்தது. விதி நினைவுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் புன்னகைத்தோம்.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் அவளிடம் கேட்டேன்.

"இல்லண்ணா. ரொம்பப் பசிக்குது."

அத்தியாயம் அன்றே போய்ச் சேர்ந்தது. கோழி வளர்ப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. வாசல் மணிக்குத் தம்பி ஒயரை மாட்டினான். பால்கனி அறையில் செடி மட்டும் தனியாக அமைதியை அனுபவிக்கிறது. தங்கை மறுபடி சாப்பாட்டு மேசையின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கேட்பதானால் சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டும், தட்டு காலியாகாமல் யாரும் சண்டையை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போக மாட்டோம். அவள் உடம்பு தேறியதற்கு அதுதான் காரணம். டாக்டர் தன் பலகையில் நேரத்தை மாற்றிக்கொண்டார். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் இப்போது அவர் பல் பிடுங்குகிறார்.

குடைச் சண்டையும் நிற்கவில்லை. அதை எந்த பஸ்ஸில் விட்டாள் என்பதில் இப்போது இரண்டு கட்சி இருக்கிறது. தம்பி மனைவி துறை சார்ந்த அறிவோடு பேசுவதால் அவள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது.

கடைசியாக வதந்திகள். நாங்கள் பாகம் பிரியவில்லை. வக்கீலின் அட்டையை ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். என் தங்கை நாவலை லிஃப்டில் எழுதவில்லை. லிஃப்டுக்கு மேலே எழுதினாள். நாவலின் கடைசிப் பக்கத்தில், நின்றுபோன லிஃப்டுக்குள் முதுகு வளையாத பெரியண்ணன் குடையை நினைத்து அழுகிறார் என்று வருகிறது. அது நான்தான் என்று இரண்டாம் மாடி வரை பேச்சு. நான் அழவில்லை. என் சட்டைத் தோள் நனைந்திருந்தது நோயாளியால். அவருக்கு ஊசியின் மரப்பு விட ஆரம்பித்திருந்தது.